குப்பத்துஸ் ஸக்ரா எழுந்த வரலாறு

நம் இல்லங்களின் சுவர்களில் தொங்கும் நாட்காட்டிகளில், புனித கஅபாவுக்கும் மஸ்ஜிதுந் நபவிக்கும் அடுத்தபடியாக நம் கண்களுக்குப் பழகிப்போன படம் ஒன்று உண்டு. நீல ஓடுகள் பதித்த எண்கோணச் சுவர்கள். அவற்றின் மீது பொன்னாய் ஒளிரும் குவிமாடம். படத்தின் கீழே பெரும்பாலும் 'மஸ்ஜிதுல் அக்ஸா' என்று அச்சிட்டிருப்பர். ஐரோப்பியப் பயணிகளோ அதனை 'உமர் பள்ளிவாசல்' என்று எழுதிவந்தனர். உண்மையில் அக்கட்டடத்தின் பெயர் குப்பத்துஸ் ஸக்ரா. பாறையின் மீதெழுந்த குவிமாடம் என்பது பொருள். உமர்(ரலி) அவர்கள் அதனைக் கட்டவில்லை. ஜமாஅத் தொழுகைக்கென எழுந்த பள்ளிவாசலும் அன்று அது. மக்கள் அணிவகுத்துத் தொழும் பள்ளி, அதே வளாகத்தின் தென்கோடியில் ஈயத்தகடு வேய்ந்த சாம்பல்நிறக் குவிமாடத்துடன் நிற்கிறது.

ஆயினும் நாட்காட்டி அச்சிடுவோரை முற்றிலும் குறைகூற இயலாது. ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைத்துல் முகத்தஸின் வரலாற்றை விரிவாக எழுதிய காழி முஜீருத்தீன் அவர்கள், மதிலால் சூழப்பட்ட வளாகம் முழுவதற்குமே 'அல்அக்ஸா' என்னும் பெயர் பொருந்தும் என்று குறிக்கிறார். அவ்வகையில் பாறைக் குவிமாடமும் அக்ஸாவின் ஓர் அங்கமே. பெயர்க்குழப்பத்தால் நேர்ந்த இழப்பு வேறு. இவ்வரிய கட்டடம் யாரால், எப்போது, எதற்காக எழுப்பப்பட்டது என்னும் கேள்வியே நம்மிடையே எழாமற் போயிற்று.

அக்கேள்வி எளியதன்று. இன்றும் தன் தொடக்க கால வடிவில் நிலைத்து நிற்கும் இஸ்லாமியக் கட்டடங்களுள் மிகத் தொன்மையானது இதுவே. அதே வேளையில், இதனைக் கட்டியவர் மீது ஒரு கடுமையான குற்றச்சாட்டும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவருகிறது. கஅபாவுக்குப் போட்டியாக, ஹஜ்ஜைத் திசைதிருப்பும் நோக்குடன், உமையா கலீஃபா அப்துல் மலிக் இதனை எழுப்பினார் என்பதே அக்குற்றச்சாட்டு. அது ஓர் அரசரோடு நின்றுவிடவில்லை. ஹதீஸ் கலையின் தூண்களுள் ஒருவரான இமாம் ஸுஹ்ரி அவர்களையும் அது தொட்டுச் செல்கிறது. எனவே இக்கட்டடத்தின் வரலாற்றை அறிதல் கலை ஆர்வலர்க்கு மட்டும் உரிய பணியன்று.

பாறையும் பாழிடமும்

கி.பி. 70இல் உரோமத் தளபதி டைட்டஸ் யூதர்களின் ஆலயத்தைத் தரைமட்டமாக்கிய பின், அது நின்றிருந்த மேடை நூற்றாண்டுக் கணக்கில் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பைஸாந்தியக் கிறித்தவர்கள் நகரின் மேற்குப் பகுதியில் மாபெரும் தேவாலயங்களை எழுப்பினர். கிழக்கிலிருந்த அம்மேடையையோ பாழாகவே விட்டனர். முஸ்லிம்கள் நகருள் நுழைந்தபோது அங்கே குப்பை மேடிட்டிருந்ததாக வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்கின்றனர்.

ஹிஜ்ரி 16 அல்லது 17இல் (கி.பி. 637-638) நகரம் உடன்படிக்கை வழியாக முஸ்லிம்களின் வசமாயிற்று. கலீஃபா உமர்(ரலி) அவர்கள் நேரில் வந்தார்கள். நபிகள் நாயகம்(ஸல்) அவர்கள் மதீனா சென்றபின் 16 அல்லது 17 மாதங்கள் முன்னோக்கித் தொழுத முதல் கிப்லா அது. இஸ்ராவின் பூமியும் அதுவே. தொழுமிடத்தை எங்கே அமைப்பது என்ற ஆலோசனை எழுந்தபோது, யூதராயிருந்து இஸ்லாத்தைத் தழுவிய கஅபுல் அஹ்பார், பாறைக்குப் பின்னால் நின்று தொழுதால் இரு கிப்லாக்களையும் ஒருங்கே முன்னோக்கலாம் என்றார். உமர்(ரலி) அவர்கள் அதனை மறுத்தார்கள்; பழைய மார்க்கத்தின் சாயல் உம்மை விட்டு நீங்கவில்லை என்று கடிந்து, கஅபாவை முன்னோக்கவே நாம் பணிக்கப்பட்டுள்ளோம் எனத் தெளிவுபடுத்தினார்கள். இச்செய்தியை இமாம் தபரி அவர்கள் தம் வரலாற்றில் தருகிறார்கள். தொழுமிடம் வளாகத்தின் தென்பகுதியில் அமைந்தது. அங்கே தொழுபவர் மக்காவை நோக்கி நிற்பார். பாறை அவருக்கு முதுகுப்புறம் இருக்கும். இந்த அமைப்பு பின்னர் ஒருபோதும் மாற்றப்படவில்லை என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும்.

கி.பி. 680ஐ ஒட்டிய ஆண்டுகளில் நகருக்கு வந்த அர்குல்ஃப் என்னும் கிறித்தவ யாத்திரிகர், இடிபாடுகளின் மேல் மரப்பலகைகளாலும் உத்தரங்களாலும் எளிமையாகக் கட்டப்பட்ட ஒரு தொழுமிடத்தைக் கண்டதாகவும், அது 3,000 பேர் கொள்ளத்தக்கது என்றும் கூறியிருக்கிறார். முஸ்லிம்களின் முதல் தலைமுறை, உலகின் பெரும்பகுதியை ஆண்ட நிலையிலும், மரத்தாலான எளிய பள்ளியிலேயே மனநிறைவு கொண்டிருந்தது என்பதற்கு ஓர் அயலாரின் சாட்சியம் இது.

உள்நாட்டுப் போரின் நடுவே

அப்துல் மலிக் இப்னு மர்வான் ஹிஜ்ரி 65இல் (கி.பி. 685) ஆட்சிக்கு வந்தபோது, அவர் கையிலிருந்தவை சிரியாவும் எகிப்துமே. மக்காவில் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர்(ரலி) அவர்கள் கலீஃபாவாக ஏற்கப்பட்டிருந்தார்கள். ஹிஜாஸும் ஈராக்கின் பெரும்பகுதியும் அவர்களுக்கு பைஅத் செய்திருந்தன. கவாரிஜ்களும் பிறரும் தனித்தனியே கொடி உயர்த்தியிருந்தனர். வடக்கே பைஸாந்தியப் பேரரசு தக்க தருணம் பார்த்துக் காத்திருந்தது. அதனோடு சமாதானம் பேண அப்துல் மலிக் பெருந்தொகை செலுத்த நேர்ந்தது.

இத்தகைய நெருக்கடியில் ஒரு மன்னர் படைக்கும் கோட்டைக்குமே பொருளைச் செலவிடுவார் என எதிர்பார்ப்போம். அப்துல் மலிக்கோ அவ்வாண்டுகளிலேயே இக்குவிமாடத்தை எழுப்பினார். அவர் மதீனாவில் பிறந்து வளர்ந்தவர். இளமையில் அந்நகரின் மார்க்கச் சட்ட அறிஞர்களுள் ஒருவராக எண்ணப்பட்டவர். ஆட்சியில் அவர் கைக்கொண்ட கடுமையை எவரும் மறைக்க இயலாது. அவர் அனுப்பிய ஹஜ்ஜாஜின் படைதான் மக்காவை முற்றுகையிட்டு இப்னு ஸுபைர்(ரலி) அவர்களை ஷஹீதாக்கியது. ஒருவரின் ஆட்சியை மதிப்பிடுவது வேறு. அவர் கட்டிய கட்டடத்தின் நோக்கத்தை ஆராய்வது வேறு. இரண்டையும் கலந்ததனாலேயே பல தவறுகள் நேர்ந்தன.

பொறுப்பேற்ற இருவர்

கட்டுமானம் நடந்த விதத்தை விரிவாகக் கூறும் செய்திகள், ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டில் பைத்துல் முகத்தஸின் சிறப்புகளைத் தொகுத்த அல்வாஸிதி போன்றோரின் நூல்களில் கிடைக்கின்றன. காலத்தால் பிந்திய தொகுப்புகளாயினும் அவை நகரின் பழைய குடும்பங்கள் வழியாக வந்த அறிவிப்புகளை எடுத்தாள்பவை.

அவற்றின்படி, கலீஃபா முதலில் தம் எண்ணத்தை மாகாணங்களுக்கு எழுதி மக்களின் கருத்தைக் கேட்டார். ஆதரவான மறுமொழிகள் வந்தபின் கைவினைஞர்களைத் திரட்டினார். எகிப்தின் ஏழாண்டுக் கராஜ் வரி இப்பணிக்கு ஒதுக்கப்பட்டது. மேற்பார்வைப் பொறுப்பு இருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒருவர் பைஸான் ஊரைச் சார்ந்த ரஜா இப்னு ஹைவா. மார்க்க அறிவாலும் பேணுதலாலும் புகழ்பெற்ற தாபிஈ. மற்றவர் பைத்துல் முகத்தஸைச் சார்ந்தவரும் கலீஃபாவின் மவ்லாவுமாகிய யஸீத் இப்னு ஸலாம்.

பணி நிறைவுற்றபோது ஒரு லட்சம் தீனார் எஞ்சியிருந்ததாகவும், அதனை இருவருக்கும் வெகுமதியாக அளிக்குமாறு கலீஃபா எழுதியதாகவும் அறிவிப்பு கூறுகிறது. அவர்கள் ஏற்கவில்லை. தம் வீட்டுப் பெண்களின் நகைகளையும் இப்பணிக்குச் சேர்ப்பதே தமக்குத் தகும் என்று மறுமொழி எழுதினர். அப்படியாயின் அப்பொன்னை உருக்கிக் குவிமாடத்தின் மீதே பூசுங்கள் என்று கலீஃபா ஆணையிட்டார். தொகை குறித்து ஐயம் எழலாம். ஆனால் இச்செய்தியில் துலங்கும் பண்பு ரஜாவின் பிற்கால வாழ்வோடு இசைந்து போகிறது. ஹிஜ்ரி 99இல் கலீஃபா சுலைமான் மரணப்படுக்கையில் இருந்தபோது, உமர் இப்னு அப்துல் அஸீஸ்(ரஹ்) அவர்களை அடுத்த கலீஃபாவாக நியமிக்கும்படி ஆலோசனை கூறி, அதனை நிறைவேற்றியும் காட்டியவர் இதே ரஜாதான்.

இருவரின் பெயர்களும் நமக்குக் கிடைத்தன. கல்லைச் செதுக்கியவர், உத்தரம் ஏற்றியவர், கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்தவர் பெயர்களோ கிடைக்கவில்லை. சிறிது காலத்திற்குப் பின், எகிப்தின் ஆளுநர் குர்ரா இப்னு ஷரீக்கின் காலத்தில் (கி.பி. 709-714) எழுதப்பட்ட பப்பைரஸ் ஓலைகள் சில கிடைத்துள்ளன. பைத்துல் முகத்தஸின் பள்ளிவாசல் பணிக்குத் தொழிலாளர்களை அனுப்பி, அவர்களின் கூலியையும் உணவையும் ஈடுகட்டுமாறு எகிப்தின் ஒரு சிற்றூருக்கு இடப்பட்ட ஆணைகள் அவற்றில் உள்ளன. அவை குவிமாடம் முடிந்த பிறகு நடந்த பணியைப் பற்றியவை. எனினும், இத்தகைய மாளிகைகளின் பின்னே தொலைதூர ஊர்களிலிருந்து அழைத்துவரப்பட்ட எளிய மனிதர்கள் இருந்தனர் என்பதற்கு அவ்வோலைகள் சான்று பகர்கின்றன.

அளவும் அமைப்பும்

ஏறத்தாழ 18 மீட்டர் நீளமும் 13 மீட்டர் அகலமும் கொண்ட கரடுமுரடான ஒரு பாறை. அதன் அடியில் ஒரு சிறு குகை. அப்பாறையைச் சுற்றி நான்கு பெருந்தூண்களும் பன்னிரண்டு தூண்களும் வட்டமாக நிற்கின்றன. குவிமாடத்தின் பாரத்தை அவையே தாங்குகின்றன. அவ்வட்டத்திற்கு வெளியே எட்டுப் பெருந்தூண்களும் பதினாறு தூண்களும் எண்கோண வரிசையில் அமைந்துள்ளன. அதற்கும் வெளியே எண்கோணப் புறச்சுவர். இவ்வாறு பாறையைச் சுற்றி இரண்டு நடைபாதைகள் உருவாகின்றன. நாற்றிசைகளிலும் நான்கு வாயில்கள் உள்ளன.

புறச்சுவரின் ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20.6 மீட்டர், குவிமாடத்தின் விட்டமும் ஏறத்தாழ 20.4 மீட்டர். இவ்வொப்புமை தற்செயலானதன்று. ஒரு வட்டத்தினுள் இரு சதுரங்களைத் திருப்பி அமைத்து, அவற்றின் வெட்டுப்புள்ளிகளிலிருந்து முழுத் திட்டத்தையும் வரைந்துள்ளனர். குவிமாடமோ கல்லால் ஆனதன்று. உள்ளும் புறமுமாக இரண்டு மரக்கூடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தது. பாரம் குறைந்ததனால் மெல்லிய தூண்களே அதைத் தாங்கப் போதுமாயின.

தூண்கள் புதிதாகச் செதுக்கப்பட்டவையல்ல. பாழடைந்த பழைய கட்டடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. அவற்றின் நிறமும் தலைப்பகுதியின் வேலைப்பாடும் வேறுவேறு. உயரம் குறைந்தவற்றுக்குப் பீடத்தைக் கூட்டிச் சமன் செய்துள்ளனர்.

இவ்வடிவம் அந்நாட்டுக்குப் புதியதன்று. புனிதமாகக் கருதும் ஓரிடத்தின் மீது வட்டமாகவோ எண்கோணமாகவோ கட்டடம் எழுப்பும் மரபு சிரிய, பாலஸ்தீனக் கிறித்தவர்களிடம் இருந்துவந்தது. நகரின் மேற்கிலுள்ள கல்லறைத் தேவாலயத்தின் குவிமாடமும் ஏறத்தாழ இதே விட்டம் கொண்டதே. பெத்லஹேம் செல்லும் வழியில் 1990களில் அகழ்ந்தெடுக்கப்பட்ட ஐந்தாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்று, நடுவில் ஒரு பாறையையும் அதைச் சுற்றி எண்கோண நடைபாதைகளையும் கொண்டிருக்கிறது. அவ்வட்டாரக் கைவினைஞர்கள் தாம் அறிந்த கட்டடமொழியிலேயே பணியாற்றினர். அம்மொழியில் அவர்கள் சொல்லிய செய்தி மட்டும் புதியது. உள்ளே பச்சையும் பொன்னுமாய் ஒளிரும் மொசைக் வேலைப்பாடுகளில் கொடிகளும் மரங்களும் மணிமுடிகளும் அணிகலன்களும் உண்டு. மனித உருவமோ விலங்குருவமோ ஒன்றேனும் இல்லை.

யஃகூபி கூறியது

இனி அந்தக் குற்றச்சாட்டுக்கு வருவோம். ஹிஜ்ரி 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் யஃகூபி இவ்வாறு எழுதுகிறார்: ஹஜ்ஜுக்குச் செல்லும் சிரியா மக்களிடம் இப்னு ஸுபைர்(ரலி) அவர்கள் பைஅத் வாங்கியதால், அப்துல் மலிக் அவர்களை ஹஜ்ஜுக்குச் செல்லவிடாமல் தடுத்தார். மக்கள் முறையிட்டபோது, மூன்று பள்ளிவாசல்களுக்கன்றிப் பயணம் மேற்கொள்ளலாகாது என்னும் ஹதீஸை இப்னு ஷிஹாப் அஸ்ஸுஹ்ரி அறிவிக்கிறார் என்று கூறி, இப்பாறை கஅபாவின் இடத்தில் உங்களுக்கு அமையும் என்றார். பின் அதன்மேல் குவிமாடம் எழுப்பினார்.

19ஆம் நூற்றாண்டில் கோல்ட்சீஹர் என்னும் கீழைத்தேயவியலார் இச்செய்தியை முழுமையாக ஏற்றார். உமையாக்களுக்காக ஸுஹ்ரி ஹதீஸை உருவாக்கினார் என்னும் முடிவுக்கு அதனைப் படிக்கல்லாக்கினார். முஸ்தஃபா அஸ்ஸிபாஈ, முஹம்மத் முஸ்தஃபா அஃளமி போன்ற முஸ்லிம் அறிஞர்கள் இதற்கு விரிவான மறுப்பு எழுதினர். கீழைத்தேயவியலாருள்ளேயே கோய்ட்டைன் 1950இல் வெளியிட்ட கட்டுரையில் யஃகூபியின் செய்தியை வலுவாக ஐயுற்றார். அவ்விவாதங்களின் சாரத்தை நான்கு குறிப்புகளில் அடக்கலாம்.

முதலாவது, காலக்கணக்கு. ஸுஹ்ரி அவர்கள் பிறந்தது ஹிஜ்ரி 50க்கும் 58க்கும் இடையே எனப் பலவாறு கூறப்படுகிறது. குவிமாடத்தின் ஆண்டான 72இல் அவர்கள் இருபதை ஒட்டிய இளைஞர். அவர்கள் சிரியா வந்து கலீஃபாவைச் சந்தித்தது ஹிஜ்ரி 80க்குப் பிறகே என்பதே வலுவான செய்தி.

இரண்டாவது, அந்த ஹதீஸ். அது ஸுஹ்ரியின் வழியாக மட்டும் வந்ததன்று. அபூ ஸஈத் அல்குத்ரி(ரலி) அவர்கள் வழியாக, ஸுஹ்ரி இடம்பெறாத வேறோர் அறிவிப்பாளர் தொடரிலும் புகாரியில் பதிவாகியுள்ளது. மேலும் அந்த ஹதீஸ் மஸ்ஜிதுல் ஹராமையும் உள்ளடக்கியே பேசுகிறது. கஅபாவுக்கு மாற்று தேடுபவருக்கு அது எவ்வாறு துணைநிற்கும்?

மூன்றாவது, நடந்த நிகழ்ச்சிகள். ஹிஜ்ரி 68இல் அரஃபாத்தில் நான்கு தரப்பாரின் கொடிகள் தனித்தனியே நின்றதாக தபரி எழுதுகிறார்; அவற்றுள் ஒன்று உமையாக்களுடையது. 72இல் மக்காவை முற்றுகையிட்டிருந்த நிலையிலும் ஹஜ்ஜாஜ் ஹஜ்ஜை நடத்தினார். வெற்றிக்குப் பின் கஅபாவைப் பழைய அளவில் திருப்பிக் கட்டச் செய்தவர் அப்துல் மலிக். ஹிஜ்ரி 75இல் தாமே சென்று ஹஜ்ஜுக்குத் தலைமை தாங்கினார். கஅபாவுக்குப் பதிலி தேடியவரின் செயல்களாக இவை தோன்றவில்லை.

நான்காவது, மௌனம். ஹஜ்ஜை மாற்றுதல் வெளிப்படையான குஃப்ர். நபித்தோழர்கள் சிலர் இன்னும் உயிரோடிருந்த காலம் அது. உமையாக்களின் எதிரிகள் அவர்கள்மீது சுமத்தாத பழியில்லை. இத்தகைய பெருங்குற்றம் உண்மையாயிருப்பின் தபரியும் பலாதுரியும் அதைக் கூறாமல் விட்டிருப்பார்களா?

நேர்மை கருதி ஒன்றையும் கூறவேண்டும். யஃகூபிக்கு முந்தியவர்களான ஹிஷாம் அல்கல்பி, வாகிதி ஆகியோரின் பெயரால் இதையொத்த செய்தி ஒன்றை, ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டினரான ஸிப்த் இப்னுல் ஜவ்ஸி தருகிறார். அதனைச் சுட்டிக்காட்டி, யஃகூபியின் கூற்றில் அடிப்படை உண்டு என வாதிடும் ஆய்வாளர்களும் உள்ளனர். போர்க்காலத்தில் சிலர் மக்கா செல்வது தடைப்பட்டிருக்கலாம். அவர்கள் பைத்துல் முகத்தஸில் கூடியுமிருக்கலாம். ஆனால் அத்தகைய ஒரு நிலைமைக்கும், கஅபாவுக்குப் போட்டியாக ஒரு கட்டடம் எழுப்புவதற்கும் இடையே உள்ள தொலைவு பெரிது.

சுவரே சாட்சி

வரலாற்றாசிரியர்கள் அனைவரும் பிற்காலத்தவர். கட்டியவர்களின் குரலையே கேட்க வழி இல்லையா எனில், உண்டு. எண்கோணத் தூண்வரிசையின் மேலே, இருபுறமும், ஏறத்தாழ 240 மீட்டர் நீளத்திற்கு, கருநீலப் பின்னணியில் பொன்னிறக் கூஃபி எழுத்துகள் ஓடுகின்றன. காலம் குறிக்கப்பெற்ற பொறிப்புகளில் திருமறை வசனங்களை இத்துணை விரிவாகக் காண்பது இங்கேதான் முதன்முறை.

அவ்வெழுத்துகள் எதைப் பேசுகின்றன? புறமுகம், இறைவன் ஒருவனே, அவனுக்கு இணையில்லை, அவன் பெறவுமில்லை பெறப்படவுமில்லை என்னும் செய்தியை மீண்டும் மீண்டும் ஓதி, நபிகள் நாயகம்(ஸல்) அவர்கள்மீது ஸலவாத்துக் கூறுகிறது. பாறையை நோக்கிய உள்முகமோ வேதமுடையோரை விளித்துப் பேசுகிறது. சூரத்துந் நிஸாவின் 171, 172ஆம் வசனங்கள், சூரத்து மர்யமில் ஈஸா(அலை) அவர்களைப் பற்றிய பகுதி, ஆலு இம்ரானின் 18, 19ஆம் வசனங்கள் ஆகியன அங்கே இடம்பெறுகின்றன. ஈஸா(அலை) அவர்களை மர்யமின் மைந்தராகவும் இறைத்தூதராகவும் உயர்த்திப் போற்றி, மூன்று என்று கூறுவதைத் தவிர்க்கும்படி அவை அறிவுறுத்துகின்றன.

ஹஜ்ஜைப் பற்றியோ கிப்லாவைப் பற்றியோ அங்கு ஒரு சொல்லும் இல்லை. இப்னு ஸுபைர்(ரலி) அவர்களுக்கு எதிரான குறிப்பு ஏதுமில்லை. நாம் எதிர்பார்க்கக்கூடிய இஸ்ரா வசனமும் அம்முதற்பொறிப்பில் இல்லை. அதன் முகம் மக்காவை நோக்கிப் போட்டியிடவில்லை. கல்லறைத் தேவாலயத்தின் திசையிலுள்ள அண்டைச் சமயத்தாரோடு உரையாடுகிறது.

இதே முடிவுக்கு வேறொரு வழியில் வந்தவர் புவியியல் அறிஞர் முகத்தஸி. அந்நகரில் பிறந்த அவர், அக்கா துறைமுகத்தைக் கட்டிய கட்டடக்கலைஞரின் பேரன், கி.பி. 985இல் தம் நூலை எழுதினார். திமிஷ்க் பள்ளிவாசலுக்கு வலீத் அவ்வளவு செலவிட்டது முறையா என அவர் தம் பெரிய தந்தையிடம் வினவினார். சிரியா கிறித்தவர்களின் அழகிய தேவாலயங்கள் நிறைந்த நாடு. முஸ்லிம்களின் மனம் அவற்றில் மயங்கிவிடாதிருக்கவே வலீத் அவ்வாறு கட்டினார். அப்துல் மலிக்கும் கல்லறைத் தேவாலயக் குவிமாடத்தின் பேரழகைக் கண்டு, அது முஸ்லிம்களின் உள்ளத்தை ஆட்கொண்டுவிடலாகாதே என்று பாறையின்மீது குவிமாடம் எழுப்பினார் என்பது பெரியவரின் மறுமொழி. அந்நகரின் மைந்தரான முகத்தஸி, ஹஜ்ஜை மாற்றிய கதையைக் குறிப்பிடவேயில்லை.

அப்துல் மலிக்கின் பிற செயல்களும் இதனோடு பொருந்துகின்றன. அரசாங்கக் கணக்குகளை அரபு மொழிக்கு மாற்றியவர் அவர். ஹிஜ்ரி 77இல் உருவங்களை நீக்கி, ஏகத்துவ வாசகங்களை மட்டும் தாங்கிய தீனாரை வெளியிட்டவரும் அவரே. சுவரில் எழுதப்பட்ட செய்தியே ஐந்தாண்டுகளுக்குப் பின் பொற்காசில் சுருங்கிப் பதிந்து, மக்களின் கைதோறும் சென்றது.

மாற்றிய பெயரும் மறந்த ஆண்டும்

அப்பொறிப்பின் இறுதியில் ஒரு விந்தை காத்திருக்கிறது. இக்குவிமாடத்தைக் கட்டியவர் கலீஃபா மஃமூன் என்றும், கட்டிய ஆண்டு 72 என்றும், அல்லாஹ் அவரிடமிருந்து இதனை ஏற்றுப் பொருந்திக்கொள்வானாக என்றும் அங்கே காணப்படுகிறது. அப்பாஸிய கலீஃபா மஃமூன் ஆட்சி செய்ததோ ஹிஜ்ரி 198 முதல் 218 வரை. 72இல் அவர் பிறக்கவேயில்லை.

நடந்தது தெளிவு. அப்துல் மலிக்கின் பெயரிருந்த சில்லுகளை அகற்றிவிட்டு மஃமூனின் பெயரைப் பதித்துள்ளனர். அவ்விடத்தில் எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கின்றன. பின்னணியின் நிறமும் சற்று வேறுபடுகிறது. வாயில்களில் இருந்த செப்புத்தகடுகளில் மஃமூனின் பெயரோடு 216ஆம் ஆண்டு காணப்படுவதால், அக்காலத்துப் பழுதுபார்ப்பின்போது இம்மாற்றம் நிகழ்ந்திருக்க வேண்டும். உமையாக்களின் பெயர் நிலைக்கலாகாது என்பது அப்பாஸியரின் விருப்பம். பெயரை மாற்றிய கை, ஆண்டை மாற்ற மறந்தது. 19ஆம் நூற்றாண்டில் பொறிப்பை ஆராய்ந்தோர் அவ்வாண்டைக் கொண்டே உண்மையான கட்டுநரை உறுதிசெய்தனர். 72 என்பது பணி நிறைவுற்ற ஆண்டா, தொடங்கிய ஆண்டா என்பதில் மட்டும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு.

பின்வந்த கைகள்

ஹிஜ்ரி 407இல் (கி.பி. 1016) குவிமாடம் சரிந்து விழுந்தது. ஃபாத்திமிய கலீஃபா ளாஹிர் 413இல் அதனைப் புதுப்பித்தார். 1099இல் நகரைக் கைப்பற்றிய சிலுவைப்படையினர் அதனைத் தேவாலயமாக்கி, உச்சியில் சிலுவை நாட்டினர். யாத்திரிகர்கள் பாறையை உடைத்துத் துண்டுகளைக் கொண்டு சென்றதால் அதனைப் பளிங்கால் மூடினர். 583 ரஜப் 27இல் (2 அக்டோபர் 1187) ஸலாஹுத்தீன் அய்யூபி நகரை மீட்டபின், சிலுவையும் பளிங்கும் அகற்றப்பட்டு, அவ்விடம் பன்னீரால் கழுவப்பட்டது.

உஸ்மானிய சுல்தான் சுலைமான், மழையாலும் வெயிலாலும் சிதைந்திருந்த புறச்சுவர் மொசைக்கை அகற்றி, வண்ண ஓடுகளைப் பதிக்கச் செய்தார். கி.பி. 1545-46, 1551-52 ஆகிய ஆண்டுகள் அவ்வோடுகளிலேயே காணப்படுகின்றன. இன்று நாம் காணும் நீலத்தோற்றம் அப்பணியிலிருந்து வந்தது. ஓடுகளுள் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில் புதிதாகப் பதிக்கப்பட்டவை. பொன்னிறமோ அதனினும் அண்மையது. 19ஆம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் குவிமாடம் ஈயத்தகட்டின் மங்கிய நிறத்திலேயே தோன்றுகிறது. 1964இல் நிறைவுற்ற திருப்பணியில் பொன்னிற அலுமினியத் தகடுகள் வேயப்பட்டன. 1990களின் முற்பகுதியில் ஜோர்தான் மன்னர் ஹுசைனின் பொருளுதவியால், ஏறத்தாழ 80 கிலோ பொன் பூசிய செப்புத்தகடுகள் அவற்றின் இடத்தைப் பெற்றன.

ஆகவே, நாட்காட்டிப் படத்தில் நம்மைக் கவரும் நீலமும் பொன்னும் பிற்காலத்தின் கொடை. அப்துல் மலிக்கின் காலத்திலிருந்து மாறாதவை கட்டடத்தின் அமைப்பும், உள்ளே ஓடும் எழுத்தும். படம் காட்டாத அந்த உட்பகுதியில்தான் அதன் வரலாறு இருக்கிறது.

இவ்வரலாறு நமக்கு இரண்டைக் கற்பிக்கிறது. ஒரு செய்தி பழைய நூலில் இருப்பதனாலேயே உண்மையாகிவிடாது. நமக்கு உவப்பில்லை என்பதனாலேயே பொய்யாகியும் விடாது. அறிவிப்பாளர் யார், காலம் எது, நிகழ்ச்சிகளோடு இசைகிறதா என உரைத்துப் பார்க்கும் கலையை உலகுக்குத் தந்தவர்கள் நம் ஹதீஸ் அறிஞர்கள். அதே உரைகல்லை வரலாற்றின் மீதும் வைத்தாக வேண்டும். மற்றொன்று, ஆட்சி மாறும்போது பெயர்களை அழிக்கும் ஆசை எல்லாக் காலத்து அரசர்க்கும் உண்டு. அவ்வாசை தன் தடயத்தைத் தானே விட்டுச் செல்லும் என்பதாகும்.

பொறிப்பின் இறுதியிலுள்ள அந்த துஆ இன்றும் மஃமூனின் பெயரோடுதான் இருக்கிறது. கட்டியவரும், கூலியை மறுத்த இருவரும், பெயர் தெரியாத கைவினைஞர்களும் அதில் இடம்பெறவில்லை. ஆனால் துஆவை ஏற்பவன், சுவரிலுள்ள எழுத்தைப் பார்த்து உரியவரை அறிபவனல்லன்.